மின்னி பேயில் ஒரு மீனும் மூன்று லென்ஸும்

விமானத்தில் கையோடு ஏழு கிலோதான் கொண்டுபோகலாம். கேமரா, பேட்டரிகள், லேப்டாப் போக என் பையில் மூன்று லென்ஸுக்குத்தான் இடம் இருந்தது. திருச்சியில் என் வீட்டுக் கட்டிலில் ஐந்து லென்ஸையும் வரிசையாக வைத்துக்கொண்டு இரண்டு நாள் குழம்பினேன். கடைசியில் முப்பத்தைந்து, ஐம்பது, நூறு எம்எம் மேக்ரோ என்று முடிவானது. மேசையும் ஆட்களும் ஜன்னலும் சேர்ந்து வர முப்பத்தைந்து. எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தட்டைக் காட்ட ஐம்பது. முறுகிய ஓரம், எண்ணெயின் மினுக்கம், மல்லித்தழையின் நரம்பு வரை நெருங்கிப் போக நூறு. உண்மையைச் சொன்னால் மற்ற இரண்டும் துணைக்குத்தான். பத்து வருஷமாக ஹோட்டல்களுக்குச் சாப்பாட்டுப் படம் எடுக்கிறேன். என்னைத் தேடிக் கூப்பிடுகிறார்கள் என்றால் அது அந்த நூறு எம்எம்மால்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

இந்த முறை கூப்பிட்டவர் கணேசன். அவருடைய அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து காண்ட்ராக்ட் வேலைக்காக அந்தமானில் போர்ட் பிளேர் வந்தவர். கணேசன் அங்கேயே பிறந்து வளர்ந்து, மின்னி பே என்ற உள் வளைகுடாவின் ஓரத்தில் எட்டு மேசை போட்டு ஒரு மீன் ரெஸ்டாரன்ட் நடத்துகிறார். புதிதாகத் திறந்த ஒரு ரிசார்ட்டின் ஆட்கள், தங்கள் விருந்தினர்களை இவருடைய கடைக்குச் சாப்பிட அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் காட்டப் படம் போட்ட மெனு கார்டு வேண்டும்.

"நாலு நாள்ல முடிச்சிரணும் மேடம். அஞ்சாவது நாள் அவங்க வர்றாங்க. பஸ், அவ்ளோதான், அதுக்கு மேல டைம் கேக்க முடியாது" என்றார் போனில், அந்த ஊர் வழக்கப்படி இந்தி கலந்து.

முதல் நாள் போய் இறங்கியபோதே வெளிச்சம் என்னை ஏமாற்றியது. மதியம் இரண்டரைக்கு அறையில் பையை வைத்துவிட்டு ஒரு டீ குடித்து நிமிர்ந்தால், ஊரில் நாலு மணிக்கு இருக்கும் வெயில் ஜன்னலில் கிடக்கிறது. இங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்று ஆட்டோக்காரர் சொன்னார். அவர் தெலுங்கர், நான் தமிழ், எங்கள் இருவருக்கும் நடுவில் என்னுடைய ஓட்டை இந்தி. ஏற்றத்தில் ஆட்டோ திணறி நின்றதும் அவர் திரும்பிப் பார்த்து, "பையில் என்ன கல்லா?" என்று கேட்டது மட்டும் நன்றாகப் புரிந்தது. இறங்கி நடந்து மேலே போய் ஏறிக்கொண்டேன். திருச்சியில் மலைக்கோட்டைக்குப் போனால்தான் ஏற்றம். இங்கே பால் வாங்கப் போனாலும் ஏற்றம்.

கணேசனின் ரெஸ்டாரன்ட், ரயில் பெட்டி மாதிரி நீளமாக, ஒடுக்கமாக இருந்தது. ஒரு பக்கம் மட்டும் ஜன்னல்கள். ஜன்னலுக்கு வெளியே மின்னி பேயின் தண்ணீர், ஏரி மாதிரி அசையாமல் கிடந்தது. நூறு எம்எம்மை மாட்டி ஒரு தட்டைப் பார்த்தேன். முழுத் தட்டும் உள்ளே வர வேண்டுமானால் என் முதுகு எதிர்ச் சுவரில் முட்டியது. பரவாயில்லை, தட்டு முழுவதும் எதற்கு என்று நினைத்தேன்.

கணேசன் கேமராவின் பின்பக்கத் திரையை எட்டிப் பார்த்தார். "இவ்ளோ கிட்ட போனா என்ன ஐட்டம்னே தெரியாதே மேடம்? நம்ம கஸ்டமருக்கு தோடா தட்டும் தெரியணும், கொஞ்சம் சமுத்திரமும் தெரியணும்."

"சமுத்திரத்தை அவங்க ஜன்னல்ல பாத்துக்குவாங்க சார். வாயில எச்சில் ஊறணும்னா கிட்டத்தான் போகணும்" என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன்.

அன்று தாமதமான மதியச் சாப்பாட்டைப் பரிமாறியவர்தான் அங்கே சமையல் முழுவதையும் பார்க்கும் ஜெசிந்தா. முப்பத்தைந்து வயது இருக்கும். தூத்துக்குடி பக்கத்துக் கடற்கரைக் குடும்பம். கல்யாணமாகி இங்கே வந்து பதினான்கு வருஷம் ஆகிறதாம். டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் வீடு. கணவர் லூர்து மீன்பிடிக்கிறவர். அவர் பிடிப்பதில் நல்லது பாதி இந்தச் சமையலறைக்குத்தான் வருகிறது. தீவின் உட்புறத்தில் இருக்கும் சௌல்தாரியிலிருந்து வந்த பிஞ்சு வெண்டைக்காயைப் பொரித்து, தேங்காய் அரைத்துவிட்ட மீன் குழம்போடு வைத்தார். தூத்துக்குடிக் குழம்புதான், ஆனால் ஊரில் இவ்வளவு தேங்காய் போட மாட்டார்கள்.

"இங்க தேங்காதான் மேடம் சும்மா கெடைக்கும். மத்ததெல்லாம் கப்பல்ல வரணும். வெங்காயம்கூட மெயின்லேண்ட்ல இருந்துதான்" என்று சிரித்தார். நான் மூன்றாவது முறை சோறு வாங்கினேன்.

இரண்டாம் நாள் காலையில் கணேசனோடு ஜங்லிகாட் மீன் சந்தைக்குப் போனேன். மெனு கார்டின் முதல் பக்கத்துக்கு ஒரு முழு களவா மீனை மசாலா தடவிச் சுட்டு வைப்பதாகத் திட்டம். சந்தையில் பாதிப் பலகைகள் காலியாக இருந்தன. இருந்த மீனும் ஐஸ் மீன். மீன் விற்றுக்கொண்டிருந்த வங்காளி அம்மா ஒருவர் கணேசனிடம் இந்தியில் சொன்னார்: "இரண்டு நாளாகப் படகெல்லாம் கட்டித்தான் கிடக்கிறது. வெளியே காற்று. உயிரோடு மீன் வேண்டுமானால் நாளைக் கழித்து வா."

எனக்கு அது புரிந்தது. பிறகு புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதிவைக்கிறேன்.

ஜெசிந்தாவிடம் ஏற்கனவே ஒரு களவா இருந்தது. இரண்டு நாள் முன்பு லூர்து கொண்டுவந்தது, ஐஸிலேயே வைத்திருந்தார். மூன்று கிலோ இருக்கும். உடம்பெல்லாம் செந்நிறப் புள்ளி. முதல் பக்கத்திலேயே சுடுவதற்கு முன் பச்சையாக ஒரு படம், பக்கத்தில் சுட்டபின் ஒரு படம் என்று நினைத்து, வாழையிலையில் கிடத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் நூறு எம்எம்மை மீனின் கண்ணில் குவித்தேன். கண் வெளுத்திருந்தது. வெறும் கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த லென்ஸில் பார்த்தால் பால் ஊற்றிய மாதிரி ஒரு படலம், நடுவில் லேசான குழி.

"இது வேண்டாங்க. கண் வெளுத்துப்போச்சு" என்றேன்.

ஜெசிந்தா செவுளைத் தூக்கிக் காட்டினார். "செவப்பாத்தான இருக்கு, பாருங்க மேடம். திங்கதுக்கு ஒரு கொறையும் இல்ல."

"சாப்பிட நல்லா இருக்கும். படத்துக்கு ஆகாது. முதல் பக்கமே இந்தக் கண்ணோட வந்தா பழைய மீன்னு நினைச்சிருவாங்க."

கணேசனின் முகம் சுருங்கியது. முதல் பக்கம், பழைய மீன் என்ற இரண்டு சொல்லும் அவரை ஆட்டிவிட்டன. சமையலறைப் பின்வாசலுக்குப் போய்க் கூப்பிட்டார். அங்கே வலையைப் பிரித்துக்கொண்டிருந்த லூர்து கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். ஒல்லியான மனிதர், நரைத்த மீசை, அளந்து பேசுகிறவர்.

"கண்ணு தெளிவா இருக்கணும், அவ்ளோதான மேடம்?" என்றார். "நாளைக்கி காலைல ஒம்பது மணிக்குள்ள கொண்டாந்திருதேன்."

ஜெசிந்தா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

பின்வாசலில் லூர்துவின் கூட்டாளி நிமாய் நின்றிருந்தார். இருவரும் இந்தியில் பேசியது ஜன்னல் வழியாகக் கேட்டது. "வெளியே அலை இன்னும் இறங்கவில்லை. ஒரு நாள் பொறுக்கலாமே" என்றார் நிமாய். "கணேசன் அண்ணனுக்கு வேலை ஆக வேண்டும். சீக்கிரம் போய்ச் சீக்கிரம் வந்துவிடலாம்" என்றார் லூர்து. நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சமையலறை ஆவி பட்டுக் கண்ணாடி மங்கியிருந்தது; அது விலக இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷமும் எனக்குச் செய்ய வேறு வேலை இல்லை. வெளியே போய், "வேண்டாங்க, இருக்கிற மீனை வச்சே பாத்துக்கலாம்" என்று சொல்லியிருக்கலாம். ஐம்பது எம்எம்மை மாட்டி, இரண்டடி தள்ளி நின்றால் அந்தக் கண் யாருக்கும் தெரிந்திருக்காது. அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கே வந்து ஜன்னலில் வெள்ளைத் துணி கட்டி, மேசையை இழுத்துப் போட்டுத் தயாராக இருந்தேன். லூர்துவும் நிமாயும் விடியுமுன்னே நாலு மணிக்குப் போயிருந்தார்கள். ஒன்பது மணிக்கு மீன் வரும், பத்து மணி வெளிச்சத்தில் முடித்துவிடலாம் என்பது கணக்கு.

ஒன்பது ஆனது. அதுவரை இறால் வறுவலை எடுத்தேன். ஒன்பதரை. தேங்காய்ப்பால் ஊற்றிய கணவாய். பத்து. கணேசன் இரண்டு முறை வாசலுக்குப் போய் வந்தார். பத்தரைக்கு ஜெசிந்தா நண்டு மசாலாவைக் கொண்டுவந்து வைத்தார். தட்டின் ஓரத்தில் சிந்தியிருந்ததைத் துடைக்கச் சொன்னேன். ஈரத் துணியோடு அவர் விரல் சட்டத்துக்குள் வந்தது. நூறு எம்எம்மில் அந்த விரல் நுனி பெரிதாகத் தெரிந்தது. துடைத்த இடத்தையே அது மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தது.

கேமராவைக் கீழே வைத்தேன். "போன் பண்ணிப் பாத்தீங்களா?"

"அவிய போனு போகல. நிமாய் போனும் போகல. ஹார்பருக்கு வெளிய ராஸ் தீவைத் தாண்டிட்டா டவர் கெடைக்காது. அதனாலதான் இருக்கும்" என்றார். பிறகு, "இம்புட்டு நேரம் ஆகாது மேடம். பக்கத்துப் பாருக்குத்தான் போறம்னு சொன்னாவ" என்றார். பார் என்றால் கடலுக்கடியில் பாறை இருக்கும் இடம். களவா அந்த இடுக்குகளில்தான் கிடக்குமாம்.

"வந்துருவான். நீ ஸ்டவ்வ பாரு" என்றார் கணேசன். சொல்லும்போதே யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார்.

ஜன்னலுக்கு வெளியே மின்னி பேயின் தண்ணீர் நேற்றுப் போலவே அசையாமல் கிடந்தது. இந்த உள் வளைகுடாவை இரண்டு நாளாகப் பார்த்துப் பார்த்து, கடல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

பதினொன்றரைக்கு ஜெசிந்தா அடுப்பை அணைத்தார். ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "நான் போட் ஜெட்டிக்குப் போறேன் அண்ணே" என்று கணேசனிடம் சொன்னார். நானும் வருகிறேன் என்றேன். கேமராப் பையை மாட்டிக்கொண்டு அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தேன்.

ஜங்லிகாட் ஜெட்டியில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. லூர்துவுடையது இல்லை. அங்கிருந்தவர்கள் ஏற்கனவே கேள்விப்பட்டிருந்தார்கள். கணேசன் போலீசுக்கும் சொல்லிவிட்டிருந்தார். இரண்டு டிங்கிகள் தேடக் கிளம்பிப் போய்விட்டன என்றார் ஒருவர். டிங்கி என்று அவர்கள் சொல்வது எஞ்சின் வைத்த சின்னப் படகு. நாலு பேர் தாராளமாக உட்கார முடியாது.

"காலைல அஞ்சு மணிக்கு ஹார்பர் வாசல்ல பாத்தேன் தங்கச்சி. நான் திரும்பிட்டேன். அண்ணன் கேக்கல, போயிட்டாவ" என்றார் தமிழ்ப் பேசிய ஒரு நடுவயதுக்காரர். "தண்ணி மேல ஏறிட்டு இருந்திச்சு. எனக்குத் தைரியம் வரல."

ஜெசிந்தா அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். "வெளிக் கடல் தெரியிற எடத்துக்குப் போவம் மேடம்" என்றார் என்னிடம்.

கார்பின்ஸ் கோவ் போகும் கடற்கரைச் சாலையிலிருந்து வெளிக் கடல் தெரியும். பாதித் தூரத்தில் ஒரு ஏற்றத்தில் ஸ்கூட்டரின் பின்சக்கரம் காற்றிழந்து இழுத்தது. இறங்கிப் பார்த்தால் ஆணி. இருவரும் தள்ளிக்கொண்டு ஏறினோம். ஏற்றத்தின் உச்சியில் ஒரு டீக்கடை வாசலில் அதை அப்படியே சாய்த்துவிட்டு ஜெசிந்தா சாலையின் நடுவில் போய் நின்றார். தேங்காய் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு பிக்கப் வண்டி பிரேக் போட்டது. ஓட்டியவர் மலையாளி. ஜெசிந்தா இந்தியில் இரண்டே வாக்கியம் சொன்னார். அவர் முன் கதவைத் திறந்துவிட்டார். ஒரே சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பின்னால் வளைவுக்கு வளைவு தேங்காய் உருண்டது.

சாலையோரச் சுவரில் போய் நின்றபோதுதான் நான் கடலைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் அது முழுவதும் நகர்ந்துகொண்டிருந்தது. அலை வந்து சுவரில் அடித்து எங்கள் முகம் வரை தெறித்தது. இதற்குள்ளா அந்த மனிதர் என் படத்துக்காக மீன் பிடிக்கப் போனார்?

பையைத் திறந்து நூறு எம்எம்மை மாட்டினேன். அது தூரத்துக்கு ஏற்ற லென்ஸ் இல்லை. இருந்தாலும் கையில் இருந்ததில் நீளமானது அதுதான். கடலைத் துண்டு துண்டாக, இடமிருந்து வலமாகப் படமெடுத்தேன். ஒவ்வொரு படத்தையும் திரையில் பெரிதாக்கி, விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். ஜெசிந்தா என் தோளோடு ஒட்டி நின்று திரைக்கு மேல் கை வைத்து வெயிலை மறைத்தார்.

"இது?"

"கப்பல்" என்றேன்.

"இது?"

"அலை நுரை. இல்ல, கொக்கு மாதிரி ஏதோ பறவை."

"எங்க டிங்கி நீலம் மேடம். மூக்குல வெள்ளைல சிலுவை போட்டிருக்கும்."

பதினேழாவதோ பதினெட்டாவதோ படத்தில் ஒரு நீலப் புள்ளி. ஜெசிந்தா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். பெரிதாக்கினேன். புள்ளி சதுரமாக உடைந்தது. மறுபடி அதே இடத்தைக் குறிபார்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு நாலைந்து படம் எடுத்தேன். கடைசிப் படத்தில் அலை அதைத் தூக்கிக் காட்டியது. பிளாஸ்டிக் டிரம்.

அவர் கையை விட்டார். சுவரில் உட்கார்ந்துகொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நான் கேட்டதாலதான் போனாரு" என்றேன்.

"தெரியும்" என்றார்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் முந்தானை ஓரத்தை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாகக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். ஸ்கூல் விட்டு மகள் வந்துவிடுவாள், பக்கத்து வீட்டில் சொல்லிவைக்க வேண்டும் என்று நடுவில் ஒரு முறை சொன்னார். போனை எடுத்து அதைச் சொல்லியும் விட்டார், குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

மூன்றரைக்கு வெளிச்சம் மஞ்சளானது. நாலு மணிக்கு அது சாயத் தொடங்கியது. பத்து வருஷமாக வெளிச்சம் போகிறதே என்று தினமும் பதறுகிறவள் நான். அன்று பதறியது வேறு பதற்றம். இன்னும் ஒரு மணி நேரம். அதற்குப் பிறகு இவ்வளவு பெரிய கடலில் ஒரு சின்னப் படகை யார் பார்க்க முடியும்?

நாலே கால் இருக்கும், ஜெசிந்தாவின் போன் அடித்தது. கணேசன். அவர் கத்தியது எனக்கே கேட்டது. "மில் கயா! ஜெசிந்தா, கெடைச்சிட்டாங்க! ரெண்டு பேரும் இருக்காங்க! கட்டி இழுத்துட்டு வர்றாங்க!"

ஜெசிந்தா, "சரி அண்ணே, சரி அண்ணே" என்று இரண்டு முறை சொன்னார். போனைப் பையில் போட்டார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நான் இருப்பதே மறந்த மாதிரி, குனிந்து அழுதார்.

ஆட்டோ பிடித்து ஜெட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. வேறொரு டிங்கியின் பின்னால் நீலப் படகு தலையை ஆட்டிக்கொண்டு வந்தது. எஞ்சினில் தண்ணீர் ஏறி நின்றுவிட்டதாம். நங்கூரம் போட்டார்கள், நீரோட்டம் அதையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. காலை எட்டு மணியிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் படகிலிருந்து தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். நிமாயை இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். வாந்தி எடுத்து எடுத்து அவர் முகம் வெளுத்திருந்தது. லூர்து தானாகவே ஏறினார். நங்கூரக் கயிறு அறுத்து வலது உள்ளங்கை கிழிந்து, சட்டையைச் சுற்றியிருந்தார். அது முழுவதும் ரத்தம்.

ஜெசிந்தா அவர் எதிரே போய் நின்றார். "போகாதீய, போகாதீயன்னு சொன்னனா இல்லயா?" என்று தோளில் ஓர் அடி. அதே கையால் அவரைப் பிடித்துக்கொண்டார்.

லூர்து என்னைப் பார்த்துவிட்டார். திரும்பிப் படகிலிருந்தவரிடம் ஏதோ சொன்னார். அவர் ஒரு ஈரச் சாக்கு மூட்டையைத் தூக்கிக் கொடுத்தார்.

"மீன் இருக்கு மேடம்" என்றார் லூர்து. குரல் கம்மிப் போயிருந்தது. "எஞ்சின் நிக்கிறதுக்கு முன்னாலயே அம்புட்டிச்சு. வெயில் படாம நனைச்சு நனைச்சு வச்சிருந்தேன்."

சாக்கைப் பிரித்தேன். இரண்டரைக் கிலோ களவா. ஜெட்டி விளக்கில் அதன் கண்ணைப் பார்த்தேன். நாள் முழுவதும் ஐஸ் இல்லாமல் கிடந்த மீன். அதுவும் வெளுத்திருந்தது.

"நல்லா இருக்குங்க. ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். ஜெசிந்தா மீனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சமையல்காரருக்கு லென்ஸ் எதுவும் தேவையில்லை.

நாலாம் நாள் காலையில் அந்த மீனைச் சுட்டார். அவர் வருவார் என்றே நான் எதிர்பார்க்கவில்லை. கணேசன்கூட, "இன்னிக்கு வேணாம்மா, ரிசார்ட் ஆளுங்ககிட்ட நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிப் பார்த்தார். "ரெண்டு பேரு உசிரக் குடுத்துக் கொண்டாந்த மீனு அண்ணே. சும்மா கெடந்து கெட்டுப் போகவா?" என்றார் ஜெசிந்தா.

பச்சை மீன் படம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நூறு எம்எம்மைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஐம்பதை மாட்டினேன். மேசையிலிருந்து இரண்டடி தள்ளி, நாற்காலியில் உட்கார்ந்தேன், சாப்பிட வந்தவள் மாதிரி. முதுகில் சுவர் முட்டவில்லை. மீனின் வால் பக்கம் முன்னால் வர, தலை பின்னால் ஜன்னல் வெளிச்சத்தில் கரைய, பக்கத்தில் எலுமிச்சை, வெங்காயம், ஒரு கிண்ணம் தேங்காய்த் துவையல். ஜன்னலுக்கு அப்பால் மங்கலாகத் தண்ணீர். தோல் வெடித்த இடத்தில் மசாலா இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. ஏழு படம் எடுத்தேன். நாலாவதே போதுமானதாக இருந்தது.

கணேசன் பார்த்துவிட்டு, "இதான், இதான் நான் கேட்டது! தட்டும் இருக்கு, சமுத்திரமும் இருக்கு" என்று கையைத் தட்டிக்கொண்டு பிரிண்ட் போடுகிறவருக்குப் போன் செய்யப் போனார்.

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

"கண்ணே தெரியலயே."

"இந்த லென்ஸ்ல தெரியாதுங்க."

"இது முந்தாநாள் உங்க பையில இருந்திச்சா?"

பொய் சொல்ல ஒரு கணம் வாய் வந்தது. ஊரிலேயே விட்டுவிட்டு வந்தேன், இங்கே கடன் வாங்கினேன் என்று எதையாவது சொல்லியிருக்கலாம்.

"இருந்திச்சு" என்றேன்.

அவர் தட்டைக் கையில் எடுத்தார். எண்ணெய் சொட்டாமல் இருக்க அடியில் ஒரு துணியை வைத்துக்கொண்டார். "அவியகிட்ட சொல்லிராதீய" என்றார் மெதுவாக. "கை இருபது நாளைக்கு வேல செய்யாது. டாக்டர் சொல்லிட்டாரு. இருந்தாலும் காலைல இருந்து வாரவன் போறவன்கிட்டல்லாம், நம்ம மீனு மொதப் பக்கத்துல வருதுன்னு சொல்லிட்டு இருக்காவ. அது அப்படியே இருக்கட்டும்."

என் பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

மாலையில் விமானம் இல்லை, மறுநாள் காலைதான். ஆனாலும் மதியத்துக்குமேல் அங்கே இருக்க எனக்கு மனம் வரவில்லை. பையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். லூர்து வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், வலது கையில் கனத்த வெள்ளைக் கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"நல்லா வந்திச்சா மேடம்?"

கேமராவைக் கொடுத்தேன். இடது கையால் வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பார்த்தார். தலையைச் சாய்த்து, தள்ளி வைத்து, கிட்டே வைத்துப் பார்த்தார். கண்ணைத் தேடுகிறாரோ என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"நெசத்தவிட பெருசா தெரியுது" என்றார் சந்தோஷமாக. "என் போனு தண்ணியோட போயிட்டு. அவ போனுக்கு அனுப்பி வையுங்களேன். நிமாய்க்குக் காட்டணும்."

அங்கேயே நின்று படத்தை என் போனுக்கு மாற்றி, ஜெசிந்தாவின் எண்ணுக்கு அனுப்பினேன். நெட் இழுத்தது. சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. லூர்துவும் நானும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஆட்டோக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

உள்ளே சமையலறையில் போன் ஒலித்தது.

"ஏட்டி, வந்திச்சா?" என்று லூர்து வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். "பாத்தியா?"

பாத்திரம் வைக்கும் சத்தம் நின்றது.

"பாத்துட்டேன்" என்றார் ஜெசிந்தா. "நல்லா வந்திருக்கு உங்க மீனு."